முதுமையைத் தள்ளிப் போடலாமா?

நீண்ட ஆயுளை வேண்டாத பிரார்த்தனை உண்டா, சொல்லுங்கள்! குழந்தை காலில் விழுந்தால், 'தீர்க்காயுசா இரு' என்று வாழ்த்துகிறோம். அறுபது பூர்த்தியானால் திருக்கடையூருக்குச் சென்று, அமிர்தகடேஸ்வரர் சந்நிதியில் மாலை மாற்றிக் கொள்கிறோம். எண்பதைத் தொட்டால் சதாபிஷேகம்! ஆக, நெடுநாள் வாழ ஆசைப்படுவது பாவம் என்று நம் பெரியவர்கள் சொல்லவே இல்லை.

ஆனால் இப்போது அந்த ஆசை, பூஜையறையிலிருந்து மாத்திரை டப்பாவுக்கு இடம் மாறி வருகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் மகள் பெட்டியைத் திறந்தால், சாக்லேட்டோடு நாலைந்து பாட்டில்களும் வெளியே வருகின்றன. 'இது தோலுக்கு, இது மூட்டுக்கு, இதைச் சாப்பிட்டா வயசே தெரியாதாம்மா!'

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் டாக்டர் எழுதித் தரும் மாத்திரை வேறு. அது நோய்க்கான மருந்து. நோய் எதுவும் இல்லாதவர், வயது ஏறக் கூடாது என்பதற்காகவே விழுங்கும் மாத்திரை வேறு. இந்த இரண்டாவது வகை சரியா, தவறா? மகாபாரதம் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டது.

மகனிடம் இளமை கேட்ட மன்னர்

யயாதி மகாராஜா, அசுர குருவான சுக்ராச்சாரியாரின் மகள் தேவயானியை மணந்தவர். மனைவிக்குத் தெரியாமல் சர்மிஷ்டையோடும் வாழ்ந்தார். விஷயம் வெளிப்பட்டதும், கோபம் கொண்ட மாமனார் சாபமிட்டார். அந்தக் கணமே மன்னரின் தலை நரைத்தது, தோல் சுருங்கியது. கெஞ்சிய பிறகு ஒரு விமோசனம் கிடைத்தது: 'யாராவது சம்மதித்தால், உன் முதுமையைக் கொடுத்து, அவர்களுடைய இளமையை வாங்கிக் கொள்ளலாம்.'

யயாதி யாரிடம் போனார் தெரியுமா? தாம் பெற்ற பிள்ளைகளிடம்! நான்கு மகன்கள் மறுத்தார்கள். கடைசி மகன் பூரு மட்டும் மறுபேச்சின்றித் தந்தான். ஆயிரம் ஆண்டுகள் சகல போகங்களையும் அனுபவித்தார் யயாதி. அத்தனைக்குப் பிறகும் ஆசை துளிகூடக் குறையவில்லை என்பதுதான் அவர் கண்ட உண்மை. இளமையை மகனிடமே திருப்பித் தந்து, அவனுக்குப் பட்டம் சூட்டிவிட்டு, வனம் புகுந்தார்.

இந்தக் காலத்து யயாதி

'அதெல்லாம் புராணம்' என்று தள்ளிவிட முடியாது, தோழியரே. 2023-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கக் கோடீஸ்வரர் பிரையன் ஜான்சன், முதுமையை நிறுத்தியே தீருவது என்று கிளம்பியவர். இதற்காக வருடத்துக்கு 20 லட்சம் டாலர் செலவிடுவதாகச் செய்திகள் வந்தன. அந்த ஆண்டு அவர், தம்முடைய 17 வயது மகனின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவைத் தம் உடலில் ஏற்றிக் கொண்டார்! தம் பிளாஸ்மாவை 70 வயதுத் தந்தைக்கும் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முடிவு? தமக்கு எந்தப் பலனும் தென்படவில்லை என்று அவரே அறிவித்து, மகனிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

அந்த மகனும் பூருவைப் போல மனமுவந்தே தந்திருக்கலாம். பிள்ளைகள் கொடுப்பார்கள்; அது அவர்களின் உயர்ந்த குணம். அதைக் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டியது பெற்றவர்களின் பொறுப்பல்லவா?

ஃப்ரீசரில் காத்திருந்த மருந்து

ஜான்சன் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று ராபமைசின். இதன் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பசிபிக் கடல் நடுவே ஈஸ்டர் தீவு என்று ஒரு சிறிய தீவு. முன்னோர்களின் நினைவாக அங்குள்ள மக்கள் எழுப்பிய பிரமாண்டமான கற்சிலைகளுக்குப் பெயர் பெற்றது. 1964-இல் அங்கே சென்ற கனடா நாட்டுக் குழுவினர், கொஞ்சம் மண் எடுத்து வந்தார்கள். அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்ததுதான் இந்த மருந்து. தீவின் 'ராபா நூயி' என்ற பெயரே மருந்துக்கும் ஆயிற்று.

அதை ஆராய்ந்தவர், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த சுரேந்திரநாத் சேகல். 1980-களின் தொடக்கத்தில், அவர் வேலை பார்த்த மான்ட்ரியல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது, ஆராய்ச்சியும் கைவிடப்பட்டது. சேகலுக்கு மனம் கேட்கவில்லை. மருந்தை வீட்டுக்கு எடுத்து வந்து, 'சாப்பிடாதே' என்று எழுதி, ஃப்ரீசரில் உணவுப் பொருட்களோடு வைத்துப் பாதுகாத்தார்! சில ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சி மீண்டும் தொடங்கியது. 1999-இல், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கான மருந்தாக அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது. புதிய சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுக்காதிருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்குவது அதன் வேலை.

2009-இல் இன்னொரு செய்தி வந்தது. வயதான எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவிகிதமும், பெண் எலிகளின் ஆயுள் 14 சதவிகிதமும் கூடியதாம். அவ்வளவுதான், நோயில்லாத சிலரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்! மனிதர்களின் ஆயுளை இது நீட்டும் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஜான்சனும் ஏறக்குறைய ஐந்து வருடம் சாப்பிட்டுவிட்டு, தோலில் தொற்று, ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு என்று தொல்லைகள் வந்ததால், 2024-இல் நிறுத்திவிட்டார்.

மருந்து ஒன்றுதான். சேகலிடம் அது முகம் தெரியாத நோயாளிகளுக்காகக் காத்திருந்தது. ஆரோக்கியமானவர் கையில் அதுவே உபத்திரவமானது!

நெல்லிக்கனி சொல்லும் நீதி

தகடூரை ஆண்ட அதியமானை நினைத்துப் பாருங்கள். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி அவன் கையிலேயே இருந்தது. உண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அதன் மகிமையைச் சொல்லாமலே ஒளவையாருக்குக் கொடுத்துவிட்டான். புறநானூற்றின் 91-ஆவது பாடலில் ஒளவையாரே இதைப் போற்றியிருக்கிறார். யயாதியின் ஆயிரம் ஆண்டுகளும், அதியமானின் அந்த ஒரு நிமிடமும்... எது பெரிய ஆயுள்?

ஆகவே, ஒரு மாத்திரையைக் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள். கூடுகிற நாட்களை எதற்காகக் கேட்கிறேன்? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் ஆரோக்கியமான அமெரிக்கர்களை இருபது வருடங்களுக்கு மேல் கவனித்த ஓர் ஆய்வு, 2024-இல் வெளியானது. தினமும் மல்டி வைட்டமின் சாப்பிட்டவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. குறைபாடு இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் அவசியம் சாப்பிடுங்கள். மற்ற பாட்டில்களை, டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகு திறக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, 'எனக்கென்ன, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்' என்று ரத்த அழுத்த மாத்திரையையும் மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள்! வீட்டில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் மாத்திரையை மறந்து போகிற இல்லத்தரசிகள் எத்தனை பேர்! அதியமானின் தியாகத்தைப் போற்றுகிற நாம், ஒரு விஷயத்தைக் கவனிப்பதே இல்லை. கொடுத்த கனியை, ஒளவையார் 'எனக்கெதற்கு' என்று தள்ளவில்லை. அன்போடு வாங்கி உண்டார். 'செக்-அப்புக்கு வாம்மா' என்று உங்கள் பிள்ளைகள் கூப்பிட்டால், அதுவும் நெல்லிக்கனிதான். மறுக்காமல் கிளம்புங்கள்!