தானே முளைக்குமா?

‘விட்டுவிடுங்கள், இயற்கை தானே சரிசெய்துகொள்ளும்’ என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இச்சொல் எப்போது அறிவாகும், எப்போது சோம்பலாகும்? நீலகிரியின் காட்டு மண் இதனை நமக்குத் தெளிவுபடுத்தக் கூடும்.

உதிரும் விதைகள் யாவும் உடனே முளைப்பதில்லை. மண்ணுக்குள் உறங்கிக் காலம் வரும்வரை காத்திருப்பனவும் உண்டு. அமெரிக்கத் தாவரவியலார் வில்லியம் பீல் 1879இல் 20 புட்டிகளில் பலவகை விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். 2021இல் தோண்டியெடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன; அவை அனைத்தும் ஒரே பேரினத்துக் களைச்செடிகள். மண் எனும் களஞ்சியம் நெடுங்காலம் காப்பது நாம் விரும்புவதைத்தான் என்பதற்கு உறுதி இல்லை.

ஆஸ்திரேலியச் சீகை மரம் 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்தது. முதலில் விறகுக்காகவும், பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் அது வளர்க்கப்பட்டது. மலைப்புல்வெளிகள் தரிசெனக் கருதப்பட்டு, அவற்றின்மேல் சீகைத் தோட்டங்கள் எழுந்தன. இன்று அம்மரங்களை வெட்டிவிட்டால் போதுமா? போதாது. கடினத் தோலுடைய சீகை விதை பல்லாண்டுகள் மண்ணில் உறங்க வல்லது. மரம் வீழ்ந்து வெயில் பட்டாலும், தீ பரவினாலும், அது திரளாக முளைத்தெழும்.

அவ்வாறெனில் விட்டுவிடலாமா? அருகே சோலைக்காடு உள்ள இடங்களில், சீகையின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தலையெடுப்பதை நீலகிரியிலும் பழனி மலையிலும் காண்கிறோம். அவை மண்ணில் காத்துக் கிடந்தவை அல்ல. சோலை மரங்கள் பலவற்றின் விதை, ஈரம் உலர்ந்தால் மடிந்துவிடும். அண்மையில் நிற்கும் தாய்மரத்தின் கனியைப் பறவை உண்டு, அவ்வப்போது கொணர்ந்து சேர்ப்பதால் வந்த கன்றுகள் அவை. அங்கே பொறுத்திருத்தல் அறம்.

புல்வெளி இருந்த இடத்திலோ அப்பொறுமை பயன்படாது. நிழலடியில் மலைப்புல் வாழாது. சீகையை அகற்றி, மீண்டும் மீண்டும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கி, புல்லைத் திரும்ப நட்டாக வேண்டும். அது பல ஆண்டுப் பணி. நட்டவர் மறைந்துவிட்டனர், பிடுங்கும் கடமை பின்வந்தோருடையது.

எனவே, ‘விட்டுவிடுதல்’ அறமாக வேண்டுமாயின், மண்ணுள் என்ன உறங்குகிறது, அருகே எது உயிரோடு நிற்கிறது என்னும் இரண்டையும் முதலில் அறிதல் வேண்டும்.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நமக்கும் இது பொருந்தும். ‘தமிழ் நம் பிள்ளைகளின் குருதியில் இருக்கிறது, காலம் வரும்போது தானே முளைக்கும்’ என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். மொழியோ சீகை விதையன்று, சோலை விதை. வீட்டில் நாள்தோறும் பேசும் ஒரு தாய்மரம் அருகில் நின்றாலன்றி அது முளைப்பதில்லை. அம்மரமாக நிற்பது நம் பொறுப்பு.