பூக்கிற செடியை வெட்டுவானேன்?



ஆகமன காலம் தொடங்குகிறது. பீடத்தில் ஊதா நிறம் காண்கிறோம். இதே நவம்பர் கடைசி வாரத்தில்தான் நம் வீட்டு வாசலில் நிற்கும் குண்டுமல்லிச் செடிக்குக் கவாத்துச் செய்ய வேண்டிய காலமும் வருகிறது. இவ்விரண்டும் சேர்ந்து வருவதை எப்போதாவது யோசித்துப் பார்த்ததுண்டா?

சென்ற ஆண்டு வீடு மந்திரிக்கப் போன இடத்தில் ஒரு வயதான தாயாரைக் கண்டேன். முற்றத்து மல்லிகை ஆள் உயரம் வளர்ந்து புதராய்க் கிடந்தது. “நாலு வருஷமா இலையாத்தான் தழைக்குது சாமி. மாதாவுக்கு ஒரு சரம் தொடுக்கக்கூடப் பூ காணோம்” என்றார்கள். “கவாத்துப் பண்ணினீர்களா அம்மா?” என்று கேட்டேன். “எங்க வீட்டுக்காரர் வச்ச செடி. அவர் போன பிறகு அதிலே கத்தி வைக்க மனசு வரலை” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் என்ன பாவம் செஞ்சேன்னு ஆண்டவர் என்னை இப்படி வெட்டினார், சாமி?” என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் செடியைப் பார்ப்போம்.

மல்லிகை பழைய கட்டையில் பூப்பதில்லை. புதிதாய் விடும் துளிரிலேதான் அரும்பு கட்டும். வெட்டாமல் விட்ட செடியில் கிளைகள் நெருங்கி, உள்ளே வெயிலும் காற்றும் நுழையாமல், பூச்சிதான் குடியேறும். ஆகையால் தோட்ட வேலை தெரிந்தவர்கள் மூன்று காரியங்களைக் கவனிப்பார்கள். குடும்பத்தை நடத்துகிற நமக்கும் அவை மூன்றும் பாடமே.

முதலாவது, காலம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி. முல்லைக்கு ஜனவரி கடைசி. இரண்டும் ஒரே வாசலில் நின்றாலும் இரண்டுக்கும் ஒரே நாள் அல்ல. பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் அப்படித்தான். மூத்தவனுக்குச் சொன்ன புத்தியை அதே நேரத்தில், அதே விதமாய் இளையவளுக்குச் சொன்னால் பலிக்காது. உங்களுக்குக் கோபம் வந்த நேரமே அவர்களைத் திருத்தும் நேரம் என்று எண்ணாதேயுங்கள்.

இரண்டாவது, எதை வெட்டுவது. காய்ந்த கிளை, நோய் கண்ட கிளை, ஒன்றோடொன்று உராய்கிற கிளை, இவற்றை முதலில் நீக்க வேண்டும். அப்புறம் செடி முழுவதையும் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்று அதிகம் விட்டுக் கழிக்க வேண்டும். நம் ஆத்துமத்திலும் பாருங்கள். எப்போதோ காய்ந்துபோன பகை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையா? பாகப்பிரிவினையில் உராய்ந்த அண்ணன் தம்பிமார் ஒரே பூசைக்கு வந்து வேறு வேறு வாசலால் போவதில்லையா? செபமாலைக்கு இருந்த அரைமணி நேரத்தைக் கையிலிருக்கும் போன் மூடி மறைக்கவில்லையா? இவற்றை வெட்டும் இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி.

மூன்றாவது, வெட்டும் விதமும் வெட்டின பிறகு செய்யும் பராமரிப்பும். கத்தரி கூராயும் சுத்தமாயும் இருக்க வேண்டும். மழுங்கின கத்தி பட்டையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் நோய் புகும். குத்தலும் ஏச்சும் மழுங்கின கத்தி. சுருக்கமாய், நியாயமாய்ச் சொன்ன ஒரு சொல் கூரான கத்தரி. வெட்டினதோடு வேலை முடிந்ததென்று போய்விடவும் கூடாது. செடிக்குச் சுமார் 10 கிலோ மக்கின தொழுவெரு வைத்து, மண் அணைத்து, தண்ணீர் விட வேண்டும். பிள்ளையைக் கண்டித்த தகப்பன் அன்றிரவு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவதே இந்த எரு.

இனி அந்தத் தாயாரின் கேள்வி. நமதாண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவு தம்மைத் திராட்சைக் கொடியாகவும், தம் பிதாவைத் தோட்டக்காரராகவும் காட்டிப் பேசியதை அர்ச். அருளப்பர் தம் சுவிசேஷத்தின் 15-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அதை நிதானமாய் வாசியுங்கள். கனியற்ற கிளை நீக்கப்படுகிறது, மெய்தான். ஆனால் கத்தரி படுவது எதன்மேல்? கனி கொடுக்கிற கிளையின்மேல்! ஆகவே வாழ்க்கையில் வெட்டுப்பட்டவன் சபிக்கப்பட்டவன் அல்ல. “உன் பாவத்துக்குத்தான் இது” என்று துக்க வீட்டில் பேசுகிறவர்கள் சுவிசேஷத்தைத் தலைகீழாய் வாசிக்கிறார்கள்.

“அம்மா, உங்கள் கணவரை ஏன் அழைத்துக்கொண்டார் என்பது சர்வேசுரனுக்கே தெரியும். அது தண்டனை என்று மட்டும் எண்ணாதீர்கள். வெட்டின தோட்டக்காரர் செடியை விட்டுப் போய்விடுகிறதில்லை, அதற்குப் பிறகுதான் தினமும் வந்து பார்ப்பார்” என்று மட்டும் சொன்னேன். அந்த வாரமே பேரனைக் கொண்டு செடியைக் கழித்தார்கள். மொட்டையாய் நின்ற கட்டைகளைப் பார்த்து அழுதார்களாம். மார்ச் மாதம் அரும்பு கண்டது. மே மாதம், மாதா வணக்கமாதத்தில், அவர்கள் கையால் தொடுத்த சரம் நம் கோயில் பீடத்தில் மணந்தது. அதைப் பார்த்தவர்கள் உங்களிலும் பலர் உண்டு.

இந்த வாரத்துப் பிரதிக்கினை: ஒவ்வொரு குடும்பமும் வாசலில் உள்ள ஒரு செடியையும், வீட்டுக்குள் உள்ள ஒரு வேண்டாத வழக்கத்தையும் கழிக்கட்டும். துக்கப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய், பேசாமலாவது கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து வாருங்கள். பிறக்கப்போகும் சேசு பாலனுக்கு நாம் இடம் ஒதுக்கும் விதம் இதுவே.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.