பொதுமையும் உரிமையும்: ஸ்கந்திநேவிய இலக்கியங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் தம் இலக்கியத்தைப் பொதுச்சொத்து எனக் கூறும்போது, அப்பொதுமை எவருக்குப் பயன்படுகின்றது என்னும் வினா எழுதல் இயல்பே. இவ்வினாவை ஆராய்தற்கு ஸ்கந்திநேவிய இலக்கிய வரலாறு சிறந்ததொரு களமாகும்.

இம்மக்களிடையே உறவு உண்டென்பதை மறுத்தல் இயலாது. தேனிய, சுவீடிய, நோர்வீஜிய, ஐஸ்லாந்திய மொழிகள் யாவும் பண்டை நோர்ஸ் மொழியின் வழிவந்தவை. 13ஆம் நூற்றாண்டில் நோர்வே மன்னர்களின் வரலாற்றை எழுதிய ஸ்னோரி ஸ்தூர்லுசன் ஓர் ஐஸ்லாந்தியர். 1684இல் நோர்வேயின் பேர்கன் நகரிற் பிறந்த லூட்விக் ஹோல்பேர்க் கொப்பன்ஹேகனில் வாழ்ந்து நாடகங்கள் எழுதினார். இரு நாட்டாரும் அவரைத் தம்மவர் என்பர். நோர்வேயின் இப்சன் எழுதிய நாடகங்கள் பலவும் கொப்பன்ஹேகனிலேயே அச்சேறின. எனவே, இவ்விலக்கியங்களை வேலியிட்டுப் பிரித்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆயினும், பொதுமை என்னும் சொல் வலியோர் வாயிற் பிறக்கும்போது வேறு பொருள் பெறுதலும் உண்டு. ஐஸ்லாந்து தேனிய முடியாட்சியின் கீழ் இருந்த காலத்தில், ஆர்னி மக்னூசன் என்னும் ஐஸ்லாந்திய அறிஞர் தம் நாட்டுக் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டிக் கொப்பன்ஹேகனிற் சேர்த்தார். 1730இல் அவர் இறக்க, அவை அங்குள்ள பல்கலைக்கழகத்தின் உடைமையாயின. அவர் திரட்டியிராவிடின் அவற்றுட் பல அழிந்திருக்கும் என்பது மெய்யே. 1944இல் ஐஸ்லாந்து குடியரசாகியபின் அவற்றை மீட்கும் கோரிக்கை வலுப்பெற்றது. அவை வடபுலத்தார் அனைவருக்கும் உரியன என்பது மறுத்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று. அனைவருக்கும் உரிய பொருள் ஒருவர் வீட்டில் மட்டும் இருத்தல் எங்ஙனம் நீதியாகும்? தேனியப் பாராளுமன்றம் இதற்குச் சட்டத்தின் வாயிலாக விடை கண்டது. 1971 ஏப்ரல் 21இல் முதலிரு பிரதிகள் கப்பல்வழி றெய்க்கியாவிக் சேர்ந்தன. 1997இல் அப்பணி நிறைவுற்றது. திரட்டில் ஏறத்தாழப் பாதி கொப்பன்ஹேகனிலேயே நிலைத்தது. இதனால் உறவு முறியவில்லை. இரு நகரங்களின் ஆய்வாளரும் இன்று இணைந்தே அவற்றைப் பேணுகின்றனர்.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. சாமி மக்களின் மொழி பண்டை நோர்ஸின் வழிவந்ததன்று. நோர்வேப் பாடசாலைகளில் அது நெடுங்காலம் ஒடுக்கப்பட்டது. அம்மொழியிற் பாடிய நில்ஸ் அஸ்லாக் வல்கெயாபா 1991இல் நோர்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசைப் பெற்றார். மொழியுறவே பொதுமையின் அடிப்படையாயின் இவருக்கு அதில் இடமேது? ஒரு பரிசு பழைய அநீதியைத் துடைத்துவிடாது. எனினும், பொதுமையின் எல்லை பிறப்பினால் வரையப்படுவதன்று என்பதை அது காட்டுகின்றது.

பொதுமையை முற்றாக மறுப்பின் ஒவ்வோர் இனமும் தன் கதவை அடைத்துக்கொள்ளும். ஆராயாது ஏற்பின் சிறியோர் குரல் பெரியோர் குரலினுள் அமிழ்ந்துவிடும். பொது அடையாளம் என்பது முன்னோர் விட்டுச்சென்ற சொத்து மட்டுமன்று. வாழ்வோர் ஒருவர்க்கொருவர் ஆற்றவேண்டிய கடமையுமாகும். 'இது நம்முடையது' என்பதற்கு முன் 'இது உன்னுடையது' என ஒப்புக்கொள்ளும் மனமே அக்கடமையின் தொடக்கம் எனலாம்.