அப்பாவின் பாவமும் அப்பாவின் சொத்தும்

வில்கி காலின்ஸின் 'நோ நேம்' நாவல், சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் தொடராக வந்து, 1862 டிசம்பர் 31 அன்று மூன்று பாகப் புத்தகமாக வெளியானது. பண்டிகைக் காலத்து வாசகர் கேட்பதெல்லாம் அதில் உண்டு: அக்கா தங்கை, காதல், கைநழுவிய சொத்து, பெற்றோர் மறைத்த ரகசியம். ஆனால் அந்த ரகசியம் கதையைச் சுவையாக்குவதற்கு மட்டும் வைத்ததல்ல. ஆண்ட்ரூ வான்ஸ்டன் இளவயதில் கனடாவில் ராணுவத்தில் இருந்தபோது ஒருத்தியை மணந்து பிரிந்தவர். அவள் உயிரோடு இருந்ததால், பிறகு மனமொன்றி வாழ்ந்த பெண்ணை அவரால் சட்டப்படி மணக்க முடியவில்லை. ஊரார் கண்ணுக்குக் கணவன் மனைவியாகவே வாழ்ந்து நோரா, மக்டலென் என்ற இரு மகள்களை வளர்க்கிறார்கள். மகள்களுக்குப் போய்ச் சேரும்படி உயிலும் எழுதியாயிற்று. முதல் மனைவி இறந்த செய்தி வந்ததும், பிள்ளைகளிடம் காரணம் சொல்லாமல் லண்டன் போய் மணந்துகொள்கிறார்கள். 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, ஒருவர் மணம் முடித்தாலே அதற்கு முன் எழுதிய உயில் செல்லாது. புது உயில் எழுதுவதற்குள் அப்பா ரயில் விபத்தில் இறக்கிறார். பிரசவத்தில் அம்மாவும் போகிறாள். மணத்துக்கு முன் பிறந்த மகள்கள் சட்டப்படி வாரிசுகள் அல்ல; எண்பதாயிரம் பவுண்டு, அப்பாவோடு பகைத்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குப் போகிறது.

பெற்றோரின் பாவம் பிள்ளைகளைச் சேருமா என்ற பழைய கேள்விக்கு விவிலியத்திலேயே இரண்டு குரல்கள் இருக்கின்றன. யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரம், பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்கிறது. எசேக்கியேலின் பதினெட்டாம் அதிகாரம் அதை நேருக்கு நேர் மறுத்து, அவரவர் செய்ததற்கு அவரவரே பொறுப்பு என்கிறது. இரண்டையும் இணக்கிப் பார்க்க விரும்புவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. யாத்திராகமம் பேசுவது தண்டனையை அல்ல, விளைவை. குடிகாரனின் பிள்ளை பட்டினி கிடப்பது கடவுளின் கோபத்தால் அல்ல, உலக நியதியால் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காலின்ஸின் கதை இந்தச் சமாதானத்தைத்தான் உடைக்கிறது. வான்ஸ்டன் தம்பதி முறைதவறி வாழ்ந்த வருடங்களில் மகள்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. திருச்சபையும் சட்டமும் சொன்னபடி மணந்துகொண்ட நாளில் அது போயிற்று. பாவத்தின் விளைவு என்றால் பாவம் நடந்த காலத்தில் அல்லவா வந்திருக்க வேண்டும்? இங்கே பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தியது பரிகாரம். விளைவு என்று நாம் பெயர் சூட்டுவதில் பெரும்பகுதி, மனிதர்கள் கூடி உட்கார்ந்து எழுதிய சட்டப்பிரிவு. அதற்கு நியதி என்று பெயர் கொடுப்பது, எழுதிய கையை மறைப்பதற்கே உதவும்.

திருமணத்தின் மதிப்பைக் காக்க அப்படியொரு சட்டம் வேண்டும் என்பது அடுத்த வாதம். பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இந்த வழியில்தான் போகிறார்: முறைதவறிப் பிறந்த பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோரின் கடமை, ஆனால் வாரிசுரிமை அதற்கு இல்லை. நாவலில் வரும் வழக்கறிஞர் பென்ட்ரில் இதற்குப் பதிலாக, பிள்ளைகளுக்காகவாவது மணந்துகொள்வோம் என்ற பெற்றோரின் வலுவான தூண்டுதலையே இந்தச் சட்டம் பறிக்கிறது என்கிறார். அவர் பேச்சுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1236இல் மெர்டனில் கூடிய சபையில், பெற்றோர் பிற்பாடு மணந்தால் முன்பு பிறந்த பிள்ளைகளும் முறைப்படி வாரிசாகலாம் என்ற திருச்சபைச் சட்டத்தை ஏற்கும்படி ஆயர்கள் கேட்டார்கள். இங்கிலாந்தின் சட்டத்தை மாற்றமாட்டோம் என்று பிரபுக்கள் மறுத்தார்கள். மதம் கடுமையானது, சட்டம் நிதானமானது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஆனால் காலின்ஸின் பக்கம் நின்று பேசுபவர்களும் ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. அந்தத் திருச்சபைச் சட்டமே, ஒருவருக்கு வேறு துணை உயிரோடு இருக்கையில் பிறந்த பிள்ளைகளை விலக்கிவைத்தது. இங்கிலாந்து இறங்கிவந்து 1926இல் இயற்றிய சட்டமும் அதே விலக்கை வைத்தது. 1959இல்தான் அது நீங்கியது. ஆக, நோராவும் மக்டலெனும் மெர்டனில் ஆயர்கள் வென்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள். கருணையும் தனக்கென ஒரு வேலி போட்டுக்கொண்டது.

அந்த வேலிக்கு எதிரான சாட்சி கிறிஸ்துமஸ் கதையின் வாசலிலேயே இருக்கிறது. மத்தேயு நற்செய்தி குழந்தையின் பிறப்பைச் சொல்வதற்கு முன் ஒரு வம்சவரலாற்றை வைக்கிறது. தாவீதின் சிங்காசனத்துக்கு உரிமை காட்டும் வாரிசுச் சான்றிதழ் என்றே அதைச் சொல்லலாம். அதில் மாமனார் யூதாவின் மூலம் பிள்ளை பெற்ற தாமார் வருகிறாள். கணவனைக் கொல்லவைத்துத் தாவீது அடைந்த பெண்ணும் வருகிறாள், அதுவும் உரியாவின் மனைவி என்ற அடையாளத்தோடு. நாசூக்காக விட்டுவிட்டிருக்கலாம், விடவில்லை. குடும்ப ரகசியத்தை மறைத்துத்தான் வாரிசுரிமையைக் காப்பாற்ற முடியும் என்று வான்ஸ்டன் தம்பதி நம்பினார்கள். மத்தேயு அதைப் போட்டு உடைத்துவிட்டு உரிமையைக் காட்டுகிறார்.

இனி, எளிதில் தள்ளிவிட முடியாத ஒரு மறுப்பு. அப்பாவின் பாவம் மகளைச் சேராது என்றால், அப்பாவின் சொத்து மட்டும் எந்த நியாயத்தில் சேரும்? இரண்டும் அவள் சம்பாதித்ததல்ல. எசேக்கியேலை இழுத்துவந்தால் அவர் சொத்தையும் பிடுங்கிக்கொண்டு போவார். இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன்: தகுதியின் பேரில் மகள்களுக்கு எண்பதாயிரத்தில் ஒரு பென்னிகூட உரிமையில்லை. ஆனால் அவர்கள் கோரிக்கை தகுதியைப் பற்றியதே அல்ல. அது அப்பா பட்ட கடனைப் பற்றியது. இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதிய நூலில், ஒரு உயிரை அதன் சம்மதம் கேளாமல் உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள், அது தன் நிலையில் மனநிறைவோடு வாழ வழிசெய்யக் கடன்பட்டவர்கள் என்கிறார். (அதே நூலில், மணமின்றிப் பிறந்த குழந்தை கள்ளச்சரக்குப்போல நுழைந்தது, அரசு அதைக் கண்டுகொள்ளாமலும் இருக்கலாம் என்றும் எழுதினார். பெரிய மூளைகளுக்கும் கால் இடறும்.) அந்த முதல் வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பாவம் சேராது, கடன் சேரும் என்பதில் முரண் இல்லை. தகப்பனின் குற்றம் கூடக்கூட அவன் கடனும் கூடுமே ஒழியக் குறையாது. தன் பணத்தை எந்த அந்நியனுக்கும் எழுதிவைக்க இங்கிலாந்துச் சட்டம் அவனுக்கு அனுமதி தந்திருந்தது. எழுதாமல் இறந்தால் மட்டும், வளர்த்த மகளை அந்நியர் வரிசையில்கூட அது நிறுத்தவில்லை.

நாவலின் பின்பாதியில் மக்டலென் வேறொருத்தி பெயரில் வேடமிட்டு, பெரியப்பாவின் மகனையே மணந்து பணத்தை மீட்கப் பார்க்கிறாள். இத்தனைக்கும் பிறகு அவளுக்கு நல்ல முடிவு எப்படித் தரலாம் என்று 1863இல் மார்கரெட் ஆலிஃபன்ட் கண்டித்தார். என் மனக்குறை வேறு. பொறுமையாக இருந்த நோரா, சொத்து போய்ச் சேர்ந்த ஜார்ஜ் பார்ட்ரமை மணக்கிறாள்; பணம் வீடு திரும்புகிறது. இதைக் கடவுளின் ஏற்பாடு என்று வாசிக்கக் காதல் கதையின் மரபு சொல்கிறது. ஆனால் நோராவுக்கு அது கிடைப்பது ஒருவரின் மனைவியாக. ஆண்ட்ரூ வான்ஸ்டனின் மகளாக அல்ல. சட்டம் தன் சொல்லில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மணப்பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறது. நாவலாசிரியராகக் காலின்ஸ் இங்கே கேள்வியைக் கைவிட்டார், தகப்பனாகக் கைவிடவில்லை. பிற்காலத்தில் மார்த்தா ரட் என்ற பெண்ணிடம் அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அவளையும் அவர் மணக்கவில்லை, கூட வாழ்ந்த கரோலின் கிரேவ்ஸையும் மணக்கவில்லை. ஆகவே 1889இல் அவர் இறந்தபோது, இரு குடும்பத்துக்கும் பங்கு வைத்து எழுதியிருந்த உயிலை ரத்துசெய்ய ஒரு திருமணம் இருக்கவில்லை.