ஆற்றுப்படுத்துவோன் அறம்: வல்லிசையும் அதன் அன்பரும்

ஒரு கலையை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் சொந்த விடயம் என்று கூறுவது வழக்கம். விரும்புதல் என்ற அளவில் இது உண்மையே. ஆனால், விரும்பியவன் அத்துடன் அமைவதில்லை. தான் கேட்டதைப் பிறரும் கேட்க வேண்டும் என்று அவன் அவாவுகின்றான். ஒலிநாடாவைப் பிரதிசெய்து நண்பனிடம் கொடுக்கின்றான், சுவரொட்டி ஒட்டுகின்றான், நிகழ்ச்சிக்கு ஆள் திரட்டுகின்றான், இன்று கைத்தொலைபேசி வழியாக ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்புகின்றான். விரும்புதல் ஒருவன் உள்ளத்தோடு முடிவது. பரப்புதல் பிறர் வாழ்வினுட் புகுவது. பிறர் வாழ்வினுட் புகும் எச்செயலும் அறத்தின் விசாரணைக்கு உட்பட்டதே. எனவே, ஒரு கலையைப் பின்பற்றிப் பரப்புவோன் யாருக்கு, எவற்றுக்குக் கடமைப்பட்டவன் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு ‘ஹார்ட் ரொக்’, ‘ஹெவி மெற்றல்’ என வழங்கும் வல்லிசை மிகப் பொருத்தமானது. அன்பரின் வேகம் மிகுந்த இசையும் அதுவே. பெரியோரின் கண்டனத்துக்கு மிகுதியாக ஆளான இசையும் அதுவே.

இவ்விசையின் பிறப்பிடம் தொழிற்சாலைகள் நிறைந்த பேர்மிங்ஹாம் நகரம். அங்கு உலோகத்தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த ரொனி ஐயோமி என்ற இளைஞர், வேலையை விட்டு நீங்கவிருந்த இறுதி நாளில், இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கம் உடைய அவருக்குக் கிற்றாரின் நரம்புகளை அழுத்தும் கை அதுவே. இனி வாசிக்க இயலாது என்று சோர்ந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டினைக் கொடுத்தார். அது, தீயினால் இரு விரல்களின் வலுவை இழந்த பின்னும் உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. ஐயோமி பிளாஸ்ரிக்கை உருக்கி விரலுறை செய்து கொண்டார். இளகிய நரம்புகளைக் கட்டினார். பின்னாளிற் சுருதியையும் தாழ்த்தினார். அவர் இடம்பெற்ற ‘பிளக் சபத்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. ஓர் இசையை உரிய வேளையில் உரியவனிடம் சேர்ப்பித்தவர் அம்மேலாளர். விளம்பரமோ இலாபமோ அதில் இருக்கவில்லை. பரப்புதல் என்பதன் தூய வடிவம் எதுவென வினவுவார்க்கு இந்நிகழ்ச்சியைக் காட்டலாம்.

இத்தகைய இசையை ‘வெறும் இரைச்சல்’ என்று ஒதுக்குவார் உளர். இரைச்சல் என்பது செவியின் தீர்ப்பு மட்டும் அன்று. பெரும்பாலும் அது சமூகத்தின் தீர்ப்பு. இதனை அறிய நாம் பேர்மிங்ஹாம் வரை செல்ல வேண்டியதில்லை. நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தப்பு என்னும் தோற்கருவி பட்ட பாட்டை நோக்கினாற் போதும். முற்காலத்தில் விடியுமுன் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது தப்பொலி. மாசி மாதத்துக் காமன் கூத்திலே ஊரை ஆடவைப்பது தப்பொலி. இறந்தாரை வழியனுப்புவதும் அதுவே. இவ்வளவு பணிகளையும் செய்த கருவியைச் சங்கீத சபைகள் நெடுங்காலம் இசைக்கருவியாக ஏற்கவில்லை. ஒலியின் அளவு அதற்குக் காரணம் அன்று. நாகசுரத்துடன் முழங்கும் தவிலும் பேரொலி உடையதே. ஒலித்தவர் யார் என்பதே தீர்ப்பை முடிவு செய்தது. ஆதலால் ஓர் இசையை இரைச்சல் என்று கூறுமுன், நாம் வெறுப்பது ஒலியையா, ஒலிப்பவரின் வாழ்நிலையையா என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும்.

இனி, பரப்புவோனின் கடமைக்கு வருவோம். தமிழ் மரபில் இதற்கென ஓர் இலக்கிய வகையே உண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று வரும் மற்றொரு கலைஞனை எதிர்ப்பட்டுத் தான் பெற்ற வளத்தை அவனும் பெறுமாறு வழிகாட்டுதலே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் மலைநாட்டார்க்கு நெருங்கியது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் அந்நூல், அவனுடைய கொடையைப் புகழ்வதோடு நில்லாது, இடைவழியின் இடர்களையும் விரிவாக எடுத்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, வழுக்குநிலம் எங்கே, எவ்விடத்தில் விழிப்புடன் நடத்தல் வேண்டும் என்பனவெல்லாம் அதில் உண்டு. இதிலிருந்து இரு நெறிகளை நாம் பெறலாம். தான் சென்று கண்டதையே சொல்லுதல் ஒன்று. வளத்தோடு இடரையும் மறையாது சொல்லுதல் மற்றொன்று. விளம்பரகாரன் இவ்விரண்டையும் செய்வதில்லை. அவன் காணாததையும் புகழ்வான். கண்ட குறையை மறைப்பான். ஆற்றுப்படுத்துவோனோ சாட்சி கூறுபவன்.

வல்லிசையின் வரலாற்றிற் சாட்சிகளுக்குக் குறைவில்லை. வானொலி நிலையங்களும் பெரிய நிறுவனங்களும் புறக்கணித்த காலத்தில், 1980களின் தொடக்கத்தில், அன்பர்கள் தம்முள் ஒலிநாடாக்களை அஞ்சலிற் பரிமாறிக்கொண்டனர். தாமே தட்டச்சுச் செய்த சிறுபத்திரிகைகளை வெளியிட்டனர். நியூ ஜேர்சியில் சந்தைக் கடையொன்றில் இசைத்தட்டு விற்ற ஜோன் சசூலா என்பவர், அவ்வாறு கைக்கு வந்த ஒரு நாடாவைக் கேட்டு, பெயரறியாத இளைஞர் குழுவொன்றை வரவழைத்துக் கடன்பட்டு அவர்களுடைய முதல் இசைத்தட்டை 1983இல் வெளியிட்டார். அக்குழுவே ‘மெற்றலிக்கா’. இந்தியாவில் அமித் சைகல் 1993ஆம் ஆண்டு அலகாபாத்திலிருந்து தொடங்கிய ‘ரொக் ஸ்ரீற் ஜேர்னல்’ என்னும் சஞ்சிகை, சிதறிக்கிடந்த குழுக்களையும் கேட்போரையும் ஒன்று சேர்த்தது. நம் நாட்டிலும் கொழும்பின் ‘ஸ்ரிக்மாற்றா’, கண்டியின் ‘பரனொயிட் எர்த்லிங்’ முதலிய குழுக்கள் பெருநிறுவனங்களின் ஆதரவைக் காட்டிலும் அன்பர்களின் பற்றினாலேயே நிலைத்தன. தன் பொருளையும் பெயரையும் பணயம் வைத்துப் பேசுபவனுடைய சொல்லுக்கு ஒரு நிறை உண்டு.

ஆயினும் இங்கே ஒரு சிக்கல் தோன்றுகின்றது. நாடாப் பிரதிகளால் வளர்ந்த அதே மெற்றலிக்கா, 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், கணினி வழியாகப் பாடல்களைப் பகிரும் வாய்ப்பளித்த ‘நப்ஸ்ரர்’ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. தன் பாடல்களைப் பகிர்ந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளரின் பட்டியலையும் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அன்று உதவியாக இருந்த பிரதி இன்று களவானது எங்ஙனம் என்று அன்பர் பலர் சினந்தனர். இரு செயல்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. உள்ளே வேறுபாடு உண்டு. நாடாவைப் பிரதிசெய்தவன் கடையிற் கிடைக்காததைக் கிடைக்கச் செய்தான்; பெறுபவனை அறிந்து கொடுத்தான்; இசைத்தட்டு வெளிவந்தபோது முதலில் வாங்கியவனும் அவனே. கிடைப்பதை விலையின்றிப் பெறுவதற்காக மட்டும் பகிர்ந்தவன் கலைஞனுக்கு எதனைத் திருப்பியளித்தான்? விதைநெல்லும் நெல்லே, உலைநெல்லும் நெல்லே. விதைத்தவன் மீண்டும் வயலுக்கு வருகின்றான் என்பதே வேற்றுமை. கலைஞனுக்குத் திரும்பிச் செல்லும் வழி ஒன்று திறந்திருக்கும்வரை பகிர்வு தொண்டாகும். அவ்வழி அடைபட்டபின் அதற்குத் தொண்டு என்று பெயரிடுதல் பொருந்தாது.

இதனினும் கடியது பிறிதொரு வினா. நோர்வேயில் 1990களின் முற்பகுதியில் ‘பிளக் மெற்றல்’ எனும் பிரிவைச் சார்ந்த சிலர் தேவாலயங்களுக்குத் தீயிட்டனர். ‘பர்சும்’ என்ற பெயரில் இசையமைத்த வார்க் விக்கர்ணஸ், சக இசைஞர் ஒருவரை 1993இல் கொலைசெய்த குற்றத்துக்காகவும் தேவாலயங்களை எரித்த குற்றங்களுக்காகவும் 1994இல் இருபத்தோராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய இசையை உயர்ந்ததெனக் கருதுவோர் இன்றும் உளர். கலை வேறு, கலைஞன் வேறு என்பது அவர்தம் வாதம். தனியே இருந்து கேட்பவனுக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். பரப்புவோனுக்குப் பொருந்தாது. அவன் ஒலியை மட்டும் கொடுப்பதில்லை. பெயரையும் புகழையும் பொருளையும் சேர்த்தே கொடுக்கின்றான். கேட்பவன் பதினாறு வயதுச் சிறுவனாயின் அவனுக்கு ஒரு முன்மாதிரியையும் கொடுக்கின்றான். பொறி இருக்கும் இடத்தை அறிந்தும் சொல்லாமல் வழிகாட்டியவன், வழிப்போக்கன் அகப்பட்டபின் ‘நான் மலையின் அழகையே காட்டினேன்’ என்று தப்பமுடியாது. அதற்காக ஒரு சிலரின் குற்றத்தை இசை முழுவதன்மீதும் சுமத்துதலும் நீதியன்று. அங்ஙனம் சுமத்தினால், தேர்ந்து காட்டும் வழிகாட்டிக்கு வேலையே இராது.

கலைஞன் தீயவனாய் இருக்கையில் எழும் வினா இது. கலைஞன் எளியவனாய் இருக்கையில் எழும் வினா நமக்கு இன்னும் அண்மையது. காமன் கூத்தில் தப்பொலிக்கு மெய்ம்மறந்து ஆடியவர், விடிந்ததும் தப்படித்தவரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தை மலையகம் அறியும். ஒலியைத் தழுவி ஒலிப்பவனை விலக்கும் இவ்வழக்கத்தைச் சுவையென்று கூறுதல் இயலுமா? இதனாலேயே இழிவைச் சுமத்தும் அக்கருவியே வேண்டாம் என்று கைவிட்டோரும் உளர். அதனையே பெருமையுடன் மேடையேற்றியோரும் உளர். 2018ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் பறையையும் ரொக் இசைக்கருவிகளோடு ஒரே மேடையில் நிறுத்தியது. கைவிட்டவரின் மானமும் மேடையேற்றியவரின் துணிவும் ஒரே கேள்விக்குரிய இரு விடைகள். எந்த விடையைத் தேர்வது என்பது அவர்கள் உரிமை. அன்பனின் கடமையோ ஒன்றே: இசைக்குக் கொடுக்கும் இருக்கையை இசைப்பவனுக்கும் கொடுத்தல். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களுக்குரிய மக்களின் உரிமைக்காகவும் உழைத்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. அவருக்குப் பாட்டும் பாடியவரும் வேறாகவில்லை.

இறுதியாக, கேளாதோரின் உரிமையையும் எண்ணல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பிராக்களை ஒரே சுவர் பிரிக்கின்றது. இப்பால் ஒலிப்பது அப்பால் கேட்கும். அப்பால் இருப்பவள் விடியலில் எழுந்து கூடையுடன் மலையேற வேண்டியவள். வல்லிசை தன் இயல்பிலேயே பேரொலியை வேண்டுவது. தாழ்த்தி ஒலித்தால் அதன் உயிர் போய்விடும் என்பர் அன்பர். உண்மையே. ஆயினும் தன் மகிழ்ச்சிக்காக அயலாளின் துயிலைச் செலவிட எவருக்கும் உரிமையில்லை. கோயில் ஒலிபெருக்கிக்கும் இது பொருந்தும். ஏப்ரல் மாத வசந்தகாலக் களியாட்டத்துக்கும் பொருந்தும். இசைக்கு இடமும் வேளையும் தேடிக்கொடுப்பதும் பரப்புவோனின் பொறுப்பே. மண்டபமும் மைதானமும் இல்லாத தோட்டத்து இளைஞனைப் பார்த்து ‘சத்தம் போடாதே’ என்று மட்டும் சொல்லும் சமூகமும் தன் கடமையிற் பாதியையே செய்கின்றது.

ஆக, பின்பற்றுதல் என்பது அடிமைத்தனமும் அன்று, பொழுதுபோக்கும் அன்று. அது ஒரு பொறுப்பு. கண்டதைச் சொல்லுதல், இடரை மறையாமை, கலைஞனுக்கு உரியதைத் திருப்புதல், ஒலித்தவனை மதித்தல், கேளாதவனை வருத்தாமை என்னும் ஐந்தும் அப்பொறுப்பின் கூறுகள். இவை ஐந்தும் உடையவன் பின்பற்றுவது பேர்மிங்ஹாமின் கிற்றாராயினும் அட்டனின் தப்பாயினும், அவன் அந்த இசைக்கு நல்ல தூதன். நாளை தோட்டத்து இளைஞன் ஒருவன் கிற்றாரையும் தப்பையும் ஒரே மேடையில் ஏற்றுவானாயின், அவனுக்கு முதலில் வேண்டப்படுவது கைதட்டும் பெருங்கூட்டம் அன்று. உரிய வேளையில் உரிய இசைத்தட்டை அவன் கையிற் கொடுக்கும் ஒருவரே.