விடுதி அறையும் எட்டாம் கட்டளையும்

கல்லாவியிலிருந்து ஓசூர் சிப்காட் ஆலைக்கு நேர்காணலுக்குச் செல்லும் இளைஞருக்கும், நோயாளியைப் பெங்களூரு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தாருக்கும், செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி செல்லும் திருப்பயணிக்கும் ஒரே கவலை: இரவு எங்கே தங்குவது? "அந்த விடுதியா? வேண்டாம், மூட்டைப்பூச்சி!" என்று யாரோ சொன்ன சொல் அங்கே தீர்ப்பாகிவிடுகிறது. அச்சொல்லை எவ்வளவு நம்பலாம்? சிறிய கேள்விதான். ஆயினும் ஒருவருடைய உறக்கமும் மற்றொருவருடைய நற்பெயரும் பிழைப்பும் அதில் அடங்கியிருப்பதால், இஃது அறம் சார்ந்த கேள்வியுமாகும்.

முதலில் அவ்வுயிரின் இயல்பை அறிவோம். மூட்டைப்பூச்சிக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. பயணிகளின் பெட்டியிலும் துணிமணிகளிலும் ஒளிந்தே ஊர்விட்டு ஊர் செல்கிறது. ஆகவே, அது அழுக்கின் அடையாளம் அன்று. தூய்மையாகப் பேணப்படும் அறைக்கும் நேற்றைய விருந்தினரோடு அது வந்து சேரலாம். அது கடித்த தடிப்பு சிலருக்கு விரைவில் தோன்றும். சிலருக்கு இரண்டு வாரம் வரை கழித்தும் தோன்றும். வேறு சிலருக்குத் தோன்றுவதே இல்லை. எனவே, "காலையில் உடம்பெல்லாம் தடித்திருந்தது" என்பது ஒருவர் பட்ட துன்பத்துக்குச் சான்றே தவிர, அந்த அறைக்கு எதிரான சான்று ஆகாது. அவ்வாறே, "நான் தங்கினேன், ஒன்றுமே இல்லை" என்பதும் முழுமையான நற்சான்று ஆகாது.

2023-ஆம் ஆண்டு பாரிஸ் நகரை மூட்டைப்பூச்சி அச்சம் ஆட்டிப்படைத்தது. நகர மெட்ரோவில் ஏறத்தாழ 10 புகார்களும், தொடர்வண்டிகளில் 37 புகார்களும் எழுந்தன. அனைத்தையும் ஆராய்ந்ததில் ஒன்றுகூட உறுதிப்படவில்லை என்று போக்குவரத்து அமைச்சர் கிளேமான் போன் அக்டோபரில் அறிவித்தார். ஆனால், அதே ஆண்டு ஜூலையில் வெளியான அந்நாட்டு நலவாழ்வுப் பாதுகாப்பு முகமையின் அறிக்கை, 2017 முதல் 2022 வரை நூற்றுக்கு 11 வீடுகளில் மூட்டைப்பூச்சி இருந்ததாகக் கூறியது. பூச்சி இருந்தது மெய். மக்கள் சுட்டிக்காட்டிய இருக்கையில் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. பொதுவில் உண்மையானது ஒரு குறிப்பிட்ட இடத்தின்மீது சுமத்தும் குற்றத்தை மெய்ப்பித்துவிடாது.

பலர் சொன்னால் நம்பலாமா? ஒரே சாட்சி போதாது என்கிறது இணைச்சட்ட நூல். ஆனால், சூசன்னாவுக்கு எதிராக இரண்டு முதியோர் ஒரே குரலில் பேசினர்; மக்களும் நம்பினர். இளைஞர் தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று வினவினார். விடைகள் மாறுபட்டன; பொய் வெளிப்பட்டது. பத்துப் பேர் சொல்லலாம். அந்தப் பத்துப் பேரும் ஒருவர் வாயிலிருந்தே கேட்டிருக்கலாம். ஆகவே எண்ணிக்கையைவிட விவரமே முக்கியம். நீங்களே கண்டீர்களா? எந்த அறை, எந்த மாதம்? உயிருள்ள பூச்சியா, மெத்தைத் தையலில் கருநிறப் புள்ளிகளா, உரித்துப்போட்ட தோலா? விடுதிக்காரரிடம் சொன்னீர்களா? அவர் என்ன செய்தார்? இவற்றுக்கு விடை தருபவரின் சொல்லுக்கு எடை உண்டு. ஈராண்டுக்கு முன் யாரோ சொல்லக் கேட்டதற்கு அந்த எடை இல்லை.

"அப்படியானால் உறுதியாகத் தெரியும்வரை அங்கேயே படுத்துக்கொள்வதா?" என்று கேட்கலாம். இல்லை. நம்மைக் காத்துக்கொள்ள ஐயமே போதும். பிறரைக் குற்றம் சாட்ட ஐயம் போதாது. கைக்குழந்தையோடு செல்லும் தாய் ஒரு சொல்லைக் கேட்டு வேறு விடுதியை நாடினால் அது முன்மதி. அதே சொல்லைப் பேருந்து நிலையமெங்கும் தீர்ப்பாக அறிவித்தால் அது எட்டாம் கட்டளைக்கு எதிரான செயல். கண்டதை மறைப்பதும் நேர்மையன்று. நாளை அதே கட்டிலில் மற்றொரு குடும்பம் படுக்குமன்றோ? கண்டவர் முதலில் விடுதிக்காரரிடம் சொல்லட்டும். அவர் பொருட்படுத்தாவிடில், கண்டதை மட்டும், கண்ட நாளோடு, பிறருக்குச் சொல்லட்டும்.

இன்னொரு தீங்கும் உண்டு. ஓசூர்ப் பகுதியில் வடமாநிலத் தொழிலாளர் பலர் ஓர் அறையில் நெருக்கியடித்து வாழ்கின்றனர். பூச்சி தென்பட்டதும், "அவர்கள் கொண்டுவந்ததுதான்" என்ற பேச்சு ஆராயாமலே எழுந்துவிடுகிறது. பஞ்சதந்திரத்தில் ஒரு கதை. அரசனின் கட்டிலில் நெடுநாள் வாழ்ந்த பேன், விருந்தாக வந்த மூட்டைப்பூச்சிக்கு இடம் கொடுத்தது. பூச்சி அவசரப்பட்டு அரசனைக் கடித்துவிட்டு இடுக்கில் ஓடி ஒளிந்தது. ஏவலர் தேடியபோது அகப்பட்டது பேன், அதையே கொன்றனர். கடித்தது ஒன்று, மாண்டது மற்றொன்று. அவசரத் தீர்ப்பு பெரும்பாலும் ஓடி ஒளிய இயலாதவரையே பிடித்துக்கொள்கிறது.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல், விரிப்பை விலக்கி, மெத்தைத் தையலையும் கட்டில் இடுக்குகளையும் விளக்கொளியில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கேள்விப்பட்டதையே திருப்பிச் சொல்வதைவிட இது கடினமானதும் அன்று. இல்லாத பூச்சியை இருப்பதாகச் சொல்லும் பழியிலிருந்தும், இருக்கும் பூச்சியை வீட்டுக்குச் சுமந்து செல்லும் இடரிலிருந்தும் அந்த ஐந்து நிமிடம் நம்மைப் பெரிதும் காக்கும்.