கோப்பின் தரமும் சான்றின் அளவையும்

எண்ணிமக் களஞ்சியத்துக்கு வரும் கோப்பு ஒவ்வொன்றும் ஏற்கப்படுமுன் தரச் சோதனைக்கு உள்ளாகிறது. ஐ.எஸ்.ஓ. 14721 என்னும் சர்வதேச நியமமும் இதை உள்வாங்கும் பணியின் ஓர் அங்கமாகவே வைத்திருக்கிறது. அனுப்பிய கோப்புத்தான் வந்ததா, திறக்கிறதா, பக்கம் விடுபட்டிருக்கிறதா, விவரங்கள் நிறைவாக உள்ளனவா என்பவையே சோதகர் பார்ப்பவை. ஆவணம் சொல்வது உண்மையா என்று இச்சோதனை கேட்பதில்லை. அப்படியானால் சோதனையில் தேறிய கோப்பைக்கொண்டு எதை நம்பலாம்?

அறிவு எதனால் உறுதிப்படும் என்ற இந்த வினாவைத் தமிழ்ச் சமய நூல்கள் அளவை என்ற தலைப்பில் ஆராய்ந்திருக்கின்றன. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிறர் கூறிய அளவைகள் பத்தையும் எண்ணிவிட்டு, காட்சி, கருதல் (ஊகித்து அறிதல்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. மணிமேகலையில் அறவண அடிகள் போதிக்கும் பௌத்த அளவைகள் இரண்டே. அங்கே பிறர் சொல்லுக்குத் தனியிடம் இல்லை. அது கருதலுக்குள் அடங்கிவிடும். போரில் பதிவேடுகள் பல அழிந்த இலங்கையின் வன்னிப் பகுதி ஆவணங்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு கனமானது.

கணினி செய்வது கருதல். எஸ்.எச்.ஏ.-256 முறையில் ஒரு கோப்புக்கு 64 எழுத்துகள் கொண்ட சரிபார்ப்புக் குறி கிடைக்கும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் குறி முற்றாக மாறிவிடும். கிளிநொச்சியில் கணித்த குறியும் வேறொரு சேவையகத்தில் கணித்த குறியும் ஒத்தால், இடையில் எதுவும் மாறவில்லை என்று துணியலாம். வலுவான துணிபுதான், ஆனால் குறி கணிக்கப்பட்ட கணத்துக்கு முன் நடந்ததைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. வெற்றுப் பக்கத்தை ஸ்கான் செய்திருந்தால் அந்த வெறுமையும் பழுதில்லாமல் காக்கப்படும். யுனிகோட் பரவுமுன் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளில் உள்ளே பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியெண்களே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துக்கூட்டம்தான் தெரியும். குறி சரி, கோப்பு வடிவமும் சரி, தமிழை மட்டும் காணோம்.

அதனால்தான் தமிழ் வாசிக்கும் ஒருவர் திறந்து பார்க்கவேண்டியிருக்கிறது. இதுவே காட்சி; அது ஐயமும் திரிபும் அற்றதாக இருக்கவேண்டும் என்கிறது சித்தியார். சோதகரின் கணினியில் பாமினி நிறுவப்பட்டிருந்தால் அவருக்குக் கோப்பில் குறையே தெரியாது. கண்ணால் கண்டும் தவறுவது இப்படித்தான்.

மூன்றாவது அளவையான உரையே மிகக் கடினமானது. போரின் இறுதிக் கட்டத்தில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் படங்களையும் இழந்தன. மிஞ்சியவை நனைந்தும் மடிந்தும் கிடந்தவை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினர், காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை ஏந்தியே அமர்ந்தனர். அத்தகைய ஒரு படத்தை இன்று ஸ்கான் செய்தால் கோப்பில் பதிவது இன்றைய தேதி. படத்தில் இருப்பவர் யார், எங்கே, எப்போது எடுத்தது என்பதற்குத் தாயின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல் போகலாம்.

பௌத்தரைப்போல் சொல்லைக் கருதலுக்குள் அடக்குவோர் அதற்குத் துணைச்சான்று கேட்பர். துணைச்சான்றாக வரக்கூடிய பதிவேடுகளே அழிந்த இடத்தில் இது தாயின் சொல்லைத் தள்ளிவிடுவதில்தான் முடியும். சித்தியார் சார்ந்த சைவ சித்தாந்தம் உரை என்று முதன்மையாகக் கொள்வது இறைநூலை. மனிதர் சொல்லை அதற்கு நிகராக வைக்க முடியாது. இங்கு அதிகம் துணைசெய்பவர் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர். ஒன்றை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் ஆப்தர்; இவ்விலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார் அவர். தன் மகனை அடையாளம் காட்டும் தாய்க்கு இது முழுமையாகப் பொருந்தும். ஆனாலும் ஆண்டும் இடமும் நினைவில் பிசகக்கூடும். ஆகவே அவர் சொன்னதை, அவர் சொன்னதென்றே, சொன்ன நாளோடும் எழுதியவர் பெயரோடும் பதிவதே முறை.

ஏற்பதா மறுப்பதா என்ற முடிவும் இதன் வழியே வரவேண்டும். வவுனியாவில் ஒரு நூலகப் புத்தகத்தின் ஸ்கான் மங்கலாக வந்தால் திருப்பி அனுப்பலாம். மறுபடி ஸ்கான் செய்ய மூலம் இருக்கிறது. பின்னர் தொலைந்துபோன ஓர் உறுதியைக் கைபேசியில் எடுத்த மங்கிய படத்துக்கு அந்த வழி கிடையாது. அங்குலத்துக்கு 300 புள்ளி இல்லை என்று அதை மறுப்பது அநீதி. மென்பொருளால் கூராக்கி, அழிந்த எழுத்தை நிரப்பி ஏற்பது அதைவிடக் கேடு. அதன்பின் கணிக்கும் குறி அந்தப் பொய்யையே பிசகின்றிக் காக்கும். வந்த கோப்பு வந்தபடி இருக்கவேண்டும். வாசிப்புக்காகத் துலக்கிய பிரதி வேண்டுமானால் அது தனியாக, துலக்கியது என்ற குறிப்போடு இருக்கலாம். இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்றவற்றின் சேகரங்களை நாளை வாசிப்பவருக்கு, படம் மங்கல், கீழ்மூலை இல்லை, மூலம் தொலைந்தது, விவரம் உரிமையாளர் சொன்னது என்ற நான்கு குறிப்புகளும் படத்தின் அளவுக்கே தேவைப்படும்.